நாற்பது நொட்டில் ஓர் இருக்கை

முதலில் வந்தது சத்தம் மட்டும்தான். வட்ஸ்அப்பில் பன்னிரண்டு விநாடிக் குரல் பதிவு. "அக்கா, கேக்குதா?" என்கிறான் தம்பி. அதற்குப் பிறகு அவன் குரலை விழுங்கிக்கொண்டு ஓர் உறுமல். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் பின்பக்கம். அங்கே நின்று அதை ஏழு தடவை போட்டுக் கேட்டேன். இரண்டு டீசல் எஞ்சின். ப்ரொப்பெல்லர் கிடையாது, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் ஜெட். படகு இன்னும் ஓடவில்லை, துறையில் கட்டிவைத்து எஞ்சினைச் சோதிக்கிறார்கள். இவ்வளவும் சத்தத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் வயிறு எரிந்தது. தெரிந்தவள் தோட்டத்தில் நிற்கிறாள், தெரியாதவன் படகில் நிற்கிறான்.

எனக்கு ரோந்துப் படகுப் பைத்தியம் பிடித்தது கடலால் அல்ல, கணக்கால். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த எல்லோருக்கும் சார்பு வேகக் கணக்கு தெரிந்திருக்கும். ஒரு கப்பல் வடக்கே போகிறது, மேற்கே இத்தனை மைலில் ஒரு ரோந்துப் படகு நிற்கிறது, ஆகக் குறைந்த நேரத்தில் கப்பலைப் பிடிக்க அது எந்தத் திசையில் ஓட வேண்டும்? பதுளை டியூஷன் வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் முக்கோணம் வரைந்து விடை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனார்கள். நான் போகவில்லை. கப்பலைப் போல இரண்டு மடங்கு வேகம் அந்தச் சின்னப் படகுக்கு எங்கிருந்து வந்தது என்று படிப்பித்த சேரிடம் கேட்டேன். "கேள்வியில குடுத்திருக்கு, அதான்" என்றார். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை.

பொறியியல் பீடத்து வெட்டுப்புள்ளிக்கு என் புள்ளிகள் போதவில்லை. பதுளையிலேயே தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திர வரைபடம் படித்தேன். பகலில் அவர்கள் சொன்ன பற்சக்கரங்களை வரைந்தேன். வீட்டுக்கு வந்து நான் நினைத்த படகுகளை வரைந்தேன். இருபது மீற்றர்கூட நீளமில்லாத படகு. அதற்கு நாற்பது நொட் வேகம் வேண்டும், அதாவது எக்ஸ்பிரஸ் பஸ் தட்டைப் பாதையில் பறக்கிற வேகம், அதுவும் தண்ணீரில். முன்னால் ஒரு துப்பாக்கி வேண்டும். நாள் முழுக்க ஓட எண்ணெயும் வேண்டும். ஒரே ஒற்றையறை லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்த மூன்று மருமகள்கள் மாதிரி இவை. ஒருத்திக்கு இடம் கொடுத்தால் இன்னொருத்தி வாசலில் நிற்பாள். துப்பாக்கி கனத்தால் மூக்கு அமுங்கும், மூக்கு அமுங்கினால் வேகம் போகும், வேகத்துக்காக எஞ்சினைப் பெரிதாக்கினால் எண்ணெய்க்கு இடமில்லை. அடிப்பாகத்தைத் தட்டையாகக் கட்டினால் சுலபமாகத் தண்ணீருக்கு மேலே ஏறிச் சறுக்கும். ஆனால் அலை வந்தால் படகு பலகையாய் அறையும். அடியைக் கூராகக் கட்டினால் அலையை வெட்டும். ஆனால் மேலே ஏறுவதற்கு அதிக பலம் கேட்கும். இந்தக் குடும்பச் சண்டையைத் தீர்த்து வைப்பதுதான் வடிவமைப்பு என்று தினமும் வீட்டில் விளக்குவேன். அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்த காலை நீட்டிக்கொண்டு கேட்பார், பாதியில் தூங்கிவிடுவார். தம்பி அந்தப் பாதிகூடக் கேட்டதில்லை.

கல்லூரியில் என்னோடு படித்த யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி இருந்தாள். நான் இந்தப் பேச்சை எடுத்தால் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போவாள். இந்த வகைப் படகுகளை யுத்த காலத்தில் கரையிலிருந்து பார்த்துப் பயந்த குடும்பம் அவளுடையது. காரணம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அவள் முன்னால் பேசுவதை நிறுத்தினேன். வரைவதை நிறுத்தவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி என்னைவிட இரண்டு வயது இளையவன். சாதாரண தரப் பரீட்சையில் இரண்டு தடவையும் கணிதத்தில் கோட்டை விட்டான். "இனி என்னைய விட்டுருங்க" என்று பெரகல சந்தியில் ஒரு குஷன் கடையில் சேர்ந்தான். வான், லொறி, ஜீப், முச்சக்கர வண்டி, எதன் இருக்கை கிழிந்தாலும் அங்கே தைப்பார்கள். கிழமை நாட்களில் கடையின் பின்னறையில் தங்குவான், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவான். போகும்போது என் வரைபடத் தாள்களைத் திருடிக்கொண்டு போய் அதில் இருக்கைக்கு அளவு வெட்டுவான்.

அந்தப் பின்னறை ஜன்னலிலிருந்து பார்த்தால், மழை இல்லாத காலைகளில், மலை முடிந்து, கீழே காடு முடிந்து, தெற்கு ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். கடல். அதைப் பார்க்க மட்டும் நான் ஹாலிஎலயிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறேன். அவன் அந்தக் கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்திருப்பான்.

"அது மேகம்க்கா" என்பான், திரும்பிப் பார்க்காமலே.

போன வருசம் கொழும்புப் பக்கமிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவரின் ஜீப் அந்தக் கடை வாசலில் நின்றது. இருக்கை கிழிந்திருந்தது. தம்பி மடுல்சீமைப் பாதைக்குத் தைக்கிற மாதிரி அதைத் தைத்துக் கொடுத்தான். அடியில் நாலு அங்குல ஸ்பொஞ்ச், மேலே இன்னொரு நாலு அங்குலம், இரண்டும் பூப்போல மெதுவானவை. மடுல்சீமை ஏறுகிற வண்டிகள் எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் தைப்பார்கள். அந்தப் பாதையில் குழிகளுக்கு நடுவில் கொஞ்சம் பாதை இருக்கும். மெத்தை சரியில்லை என்றால் ஆள் ஒரு இடத்திலும் இடுப்பு ஒரு இடத்திலும் இறங்க வேண்டியதுதான். ஜீப்காரர் மடுல்சீமை வரை போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் மறுபடியும் கடையில் நின்றார். முதுகு வலிக்கவே இல்லை என்றார். தான் மேற்குக் கரையில் ஒரு படகுத் தளத்தில் பொறுப்பாக இருப்பதாகச் சொன்னார். வெளிநாட்டில் ஒரு சின்னத் தீவின் கரையோரக் காவலுக்கு அங்கே வேக ரோந்துப் படகுகள் கட்டுகிறார்களாம். முதல் படகுக்கு நாலு இருக்கை வேண்டும், இதே மாதிரி, இதே ஆள் வந்து தைக்க வேண்டும்.

இதை அவன் ஞாயிற்றுக்கிழமை சோறு சாப்பிட்டுக்கொண்டே, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொன்னான். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். இந்த நாட்டில் எத்தனை கோடி முதுகுகள் இருக்கின்றன. அந்த மனிதரின் முதுகு என் தம்பியின் கடை வாசலில்தான் வந்து வலிக்க வேண்டுமா?

அதற்குப் பிறகு செய்திகள் வரத் தொடங்கின. "அக்கா, இந்தப் படகுக்குப் பின்னால காத்தாடியே இல்ல, எப்புடித்தான் ஓடுதோ." "அக்கா, உள்ள பூரா எஞ்சின்தான், ஆளுக்கு எடமே இல்ல, நம்ம லயம் தேவல." "அக்கா, முன்னுக்குத் துப்பாக்கி வைக்கிற எடத்துல மணல் மூட்டையக் கட்டி வச்சிருக்காங்க. ஏமாத்துறாங்க போல."

மணல் மூட்டை ஏன் என்று எனக்குத் தெரியும். துப்பாக்கி பிறகு வரும். அதன் எடை இப்போதே அந்த இடத்தில் இருந்தால்தான் வெள்ளோட்டத்தில் படகின் உண்மையான நடை தெரியும். மூன்று வரியில் சொல்லக்கூடிய விஷயம். நான் அனுப்பிய பதில்: "ம்."

பிறகு ஒரு படம். தம்பியின் தலையில் யாரோ கொடுத்த நீலத் தொப்பி, கை சுக்கான் சக்கரத்தில். அம்மா அதைக் கொழுந்து மலையில் எல்லோருக்கும் காட்டிவிட்டார். அடுத்த நாள் காலையில் வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் எங்கள் வாசலில் நின்றார்கள்.

"ஒன் தம்பி கப்பல்ல வேல பாக்குறானாமே?" என்று ஒரு சித்தி கேட்டார்.

"கப்பல் இல்ல சித்தி, படகு. வேல இல்ல, மெத்த தைக்கிறான்."

"சரி, நீ படகுல என்னா செய்ற?"

"நான் வரையிறேன்."

"எங்க, கூரையில ஒழுகுதே, அந்தத் தண்ணியிலயா?" சித்தி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். சிரிப்புச் சத்தம் வளைவு வரைக்கும் கேட்டது.

ஒரு மத்தியானம் தம்பி வீடியோவில் அழைத்தான். தளத்துக் கொட்டகையில் நாலு இருக்கைகள் வரிசையாக இருந்தன. கறுப்பு ரெக்சின், மஞ்சள் நூலில் இரட்டைத் தையல். அழகுதான். அவன் பெருமையோடு இருக்கையைக் கட்டைவிரலால் அமுக்கினான். விரல் உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது.

எனக்கு அந்த விநாடியே விளங்கிவிட்டது. படகு அலையிலிருந்து விழும்போது தண்ணீர் அதன் அடியை மேல்நோக்கி அறைகிறது. படகு சட்டென்று மேலே வருகிறது. மிருதுவான ஸ்பொஞ்சில் இருக்கும் ஆளுக்கு அது தெரியாது. அவர் இன்னும் கீழே அமுங்கிப் போய்க்கொண்டே இருப்பார். ஸ்பொஞ்ச் முடிகிற இடத்தில், மேலே வருகிற பலகையும் கீழே போகிற ஆளும் முட்டிக்கொள்வார்கள். வெறும் பலகையில் உட்கார்ந்தவனைவிட அவருக்கு அடி அதிகம். பிறகு அமுங்கிய ஸ்பொஞ்ச் அவரைத் தூக்கி எறியும். பாதைக்கு மெத்தை நல்லது. நாற்பது நொட்டில் அதே மெத்தை முதுகெலும்புக்கு எதிரி. வேகப் படகுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் துப்பாக்கியைவிட அதிகமாகப் புலம்புவது இதைப் பற்றித்தான்.

"எப்புடிக்கா இருக்கு?"

"நல்லாருக்கு" என்றேன்.

சிக்னல் போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அவன் சறுக்கட்டும், திரும்பி வரட்டும், அந்தத் தொப்பியைக் கழற்றட்டும் என்று நினைத்தேன். ஆள் அடிபடும் என்று நினைக்கவில்லை என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. நினைத்தேன். சின்னதாக நினைத்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளோட்டம். அந்தத் தளத்தின் படகோட்டி, முன்பு கடலில் சேவை செய்து ஓய்வு பெற்ற ஒரு சிங்கள மனிதர், ஒரு வழக்கம் வைத்திருந்தார். படகில் ஒரு பொருளைச் செய்தவன் எவனோ, அவன் அதோடு முதல் ஓட்டத்துக்கு ஏற வேண்டும். வெல்டிங் செய்தவனும் ஏறுவான், வயர் இழுத்தவனும் ஏறுவான். தம்பியும் தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். முகத்துவாரத்தைத் தாண்டி, மூன்றாவது அலையில், படகோட்டியின் தாடை சக்கரத்தில் மோதி இரண்டு தையல். தம்பியின் வால் எலும்பு பலகையில் மோதியது. தையல் தேவைப்படவில்லை, ஆனால் உட்கார முடியவில்லை.

பத்து நாள் தவணை கொடுத்தார்கள். அதற்குள் சரியான இருக்கை வராவிட்டால் வெளிநாட்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். கடை முதலாளி, பெரிய தையல்காரர்களை எல்லாம் விட்டுவிட்டு இவனை நம்பி அனுப்பியவர், பழுதான ஓர் இருக்கையோடு இவனையும் கடை லொறியில் ஏற்றிப் பெரகலவுக்குக் கொண்டு வந்தார். "இது போச்சுன்னா, கடையில ஒனக்குப் பழைய மெஷின்கூட இருக்காதுடா" என்று வழியில் சொன்னாராம். அவ்வளவுதான் சொன்னாராம், பிறகு பெல்மதுளை தாண்டி ஹல்துமுல்ல வரை பேசவே இல்லையாம்.

வீட்டுக்கு வந்தவன் குப்புறப் படுத்தான். அம்மா மூலிகை அரைத்துப் பற்றுப் போட்டார்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"உக்காந்தாதான்."

"அப்ப உக்காராத."

"குஷன் கடைக்காரன் உக்காராம பொழைக்கணுமா. நல்லா இருக்குக்கா கத."

அம்மா அம்மியைக் கழுவ வெளியே போனார். அவன் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா. வீடியோவுல பாத்தப்பவே ஒனக்குத் தெரியும்ல?"

நான் பற்றுக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"நீ 'நல்லாருக்கு'ன்னு சொல்லிட்டு வச்சிட்ட. படகப் பத்தி நீ எதையாவது ஒரு வார்த்தையில நிறுத்தியிருக்கியா? ஒரு ஆணியப் பத்திக் கேட்டாக்கூட அர மணித்தியாலம் பேசுவ. அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்திச்சு. சிக்னல்தான் போச்சுன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவன் கணக்குப் போடுகிற மாதிரிச் சொன்னான், கணிதம் இரண்டு தடவை போனவன்.

"தெரியும்" என்றேன்.

"ஏன் சொல்லல?"

"நீ படகுல இருந்த. நான் இங்க இருந்தேன்."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அந்த மனுசனுக்குத் தாடை கிழிஞ்சிருச்சுக்கா" என்றான். பிறகு, "சரி. இப்பயாவது சொல்லு."

சொன்னேன். இந்தத் தடவை அவன் தூங்கவில்லை. படுத்தபடியே இரண்டு உள்ளங்கைகளையும் மோதவிட்டுப் பார்த்தான், ஒன்று ஆள், ஒன்று பலகை.

"அப்ப மடுல்சீமை ரோட்டுக்கு மட்டும் எப்புடிச் சரியா வருது?"

"ரோட்டுல வண்டி குழிக்குள்ள மெதுவா எறங்குது. கடல்ல தண்ணி கீழருந்து வந்து அடிக்குது. நீ ரோட்டுக்குத் தச்சதக் கடலுக்குக் குடுத்துட்ட. கெட்டி ஸ்பொஞ்ச் வேணும், திருப்பி எறியாத ஸ்பொஞ்ச். அதுக்குக் கீழ அடிய வாங்கிக்கிட்டு மெதுவா விடுற மாதிரி ஏதாவது."

"முச்சக்கர வண்டி சொக்கப்சோபர்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. அவனுக்கு முதலில் தோன்றியதும் எனக்குப் பிடிக்கவில்லை.

"நான் வந்து செஞ்சு தாறேன். ஆனா படகுக்கு நானும் வரணும்."

"அதுக்குத்தான் அன்னைக்கு வாய மூடிட்டு இருந்தியா?"

"இல்லடா. அன்னைக்கு எதுக்குன்னு எனக்கே தெரியல."

அடுத்த நாளே பெரகல போனோம். அவன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். பின்னறையில் எஞ்சின் தூக்குகிற சங்கிலிக் கப்பி ஒன்று இருந்தது. ஓர் ஆளின் எடைக்கு மணல் நிரப்பிய சாக்கை இருக்கையில் கட்டி, சாக்கின் வயிற்றுக்குள் என் போனைத் துணியில் சுற்றி வைத்தேன். போனுக்குள் அதிர்வை அளக்கிற ஒரு செயலி உண்டு. இருக்கையைச் சாக்கோடு இரண்டடி தூக்கி, கயிற்றை வெட்டிவிட்டால், கீழே அடுக்கிய லொறி டயர்களில் அது விழும். முதலில் வெறும் பலகை. பிறகு தம்பியின் எட்டு அங்குல மெத்தை. போனை எடுத்துக் காட்டினேன். மெத்தையில் விழுந்த சாக்குக்குத்தான் அடி அதிகம்.

"வெறும் பலகையே தேவலாமா?" தம்பி போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் நாலு நாள் உக்காந்து தச்சேனே."

அதன் பிறகு ஒவ்வொரு ஸ்பொஞ்சாக வைத்து வெட்டி விழுத்தினோம். நான் எண்களைத் தாளில் எழுதினேன். மூன்றாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். கயிறு வெட்டுவதற்கு முன்பு தம்பி ஒவ்வொரு துண்டிலும் முழங்காலை ஊன்றி ஒரு தடவை எழும்புவான். "இது சரிவராது" என்பான். போனும் அதையே சொல்லும். பல நிறத் துண்டுகளை ஒட்டி அழுத்திச் செய்த கெட்டி ஸ்பொஞ்சில் முழங்காலை வைத்துவிட்டு, "இதுதான்க்கா. இது பதில் பேசல" என்றான். விழுத்தினோம். எல்லாவற்றிலும் குறைந்த எண். எனக்கு ஆறு வருசப் படகுப் பைத்தியமும் ஒரு போனும் தேவைப்பட்ட இடத்தில் அவனுக்கு ஒரு முழங்கால் போதுமாக இருந்தது. தாளைக் கசக்க வேண்டும் போலிருந்தது. கசக்கவில்லை, எழுதினேன்.

அவனால் உட்கார முடியவில்லை என்பதால், தையல் மெஷினை இரண்டு பெட்டிகளின் மேல் ஏற்றி, நின்றுகொண்டே தைத்தான். ஒரு காலில் நின்று மறு காலால் மிதித்தான். நாலு இருக்கைகளையும் அப்படித்தான் தைத்தான். கெட்டி ஸ்பொஞ்ச், அதன் கீழே சட்டம், சட்டத்துக்குக் கீழே முச்சக்கர வண்டியின் சொக்கப்சோபர் இரண்டு. சட்டம் எங்கே எவ்வளவு அசைய வேண்டும் என்று நான் வரைந்தேன்.

இருக்கைகளை லொறியில் ஏற்றுகிற நாளில் முதலாளி என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "பொம்பளப் புள்ளைய லொறியில எங்கம்மா கூட்டிட்டுப் போறது?"

"போல்ட் ஓட்டை எங்க வருதுன்னு அக்காவுக்குத்தாங்க தெரியும்" என்றான் தம்பி. "அவ வராட்டி நான் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஓட்ட போட்டுருவேன்."

முதலாளி கதவைத் திறந்துவிட்டார்.

நான் வரைந்த படகுகள் எல்லாம் பெரியவை என்று படகுத் தளத்துக்குப் போய்த்தான் தெரிந்தது. உண்மையானது சின்னது, தாழ்ந்தது, சாம்பல் நிறம். பக்கமும் அடியும் சந்திக்கும் கூர்விளிம்பில் கை வைத்தேன். தாளில் அது ஒரு கோடு. கையில் அது வெயில் ஏறிய உலோகம். முன்னால் மணல் மூட்டைகள், நாலு கயிற்றில் கட்டி, தம்பி சொன்ன அதே இடத்தில். நான் குனிந்து, எழும்பி, சுற்றி, மறுபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போல்ட் பூட்டியது எல்லாம் தம்பிதான்.

படகோட்டி தாடையில் பிளாஸ்டரோடு வந்தார். மேலதிகமாக ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம். செய்தவர் ஏறட்டும் என்று சிங்களத்தில் சொல்லி, உயிர்காப்பு அங்கியைத் தம்பியிடம் நீட்டினார். தம்பி அதை வாங்கி என்னிடம் கொடுத்தான்.

"இந்தத் தடவ செஞ்சது அக்காதான்" என்றான் அவரிடம், நல்ல சிங்களத்தில்.

பொய். பாதிப் பொய். அவனுக்குப் பயமா, இடுப்பு வலியா, இல்லை என் முகத்தைப் பார்த்துச் சொன்னானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் மறுக்கவில்லை. அங்கியைப் போட்டுக்கொண்டேன். அவன் மனம் மாறிவிடுவானோ என்று கொக்கியை அவசரமாக மாட்டினேன்.

முகத்துவாரம் வரை படகு மெதுவாகப் போனது. பிறகு படகோட்டி கைப்பிடியைத் தள்ளினார். மூக்கு மேலே எழும்பியது, பின்பக்கம் குழிக்குள் இறங்கியது, எஞ்சின் எல்ல மலைப் பாதையில் ஏறுகிற பஸ் மாதிரி முக்கியது. அந்த மேட்டை நான் எத்தனை தடவை வளைகோடாக வரைந்திருக்கிறேன். தண்ணீரின் எதிர்ப்பு ஏறி ஏறி ஓர் உச்சிக்கு வரும். அதைத் தாண்டிவிட்டால் படகு தண்ணீரைத் தள்ளுவதை விட்டுவிட்டு அதன் மேல் சறுக்கத் தொடங்கும். தாண்டியது. மூக்கு இறங்கியது, சத்தம் மெலிந்தது, பின்னால் தண்ணீர் வெள்ளையாகப் பிரிந்தது. சார்பு வேகக் கணக்கின் விடை இதுதான் சேர், என்று நான் தமிழில் கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை.

முதல் அலை. படகு விழுந்தது, அறைந்தது. சட்டம் கீழே போய் ஒரு மூச்சு வாங்கி மேலே வந்தது. இருக்கை பதில் பேசவில்லை. இரண்டாவது. மூன்றாவது. படகோட்டி மூன்றாவதுக்குத் தாடையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. என் பக்கம் திரும்பி, கட்டைவிரலை உயர்த்தி, என் இருக்கையின் ஓரத்தைத் தட்டினார்.

அவர் தட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தேன். மஞ்சள் தையல். மூலையில் ஓர் இடத்தில் பிரித்து மறுபடி தைத்திருந்தது. பழைய ஊசித் துளைகள் பக்கத்திலேயே வரிசையாகத் தெரிந்தன. அந்த மூலையை அவன் தைக்கும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மாற்றி நின்றபோது தையல் கோணிவிட்டது. பெருமூச்சு விட்டு, பிரித்து, மறுபடி தைத்தான். கடலைப் பார்க்க வந்தவள், மிச்ச ஓட்டத்தில் பாதிக்கு மேல் அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் படகோட்டி எல்லோர் முன்னிலும் என்னைத் தங்கச்சி முறை வைத்துச் சொன்னார்: "நல்ல சீட், நங்கி. வெளிநாட்டுல இருந்து எடுத்தாலும் இப்படி வராது."

என் சிங்களம் கடைச் சிங்களம். தேடித் தேடிச் சொன்னேன். படம் வரைஞ்சது நான். தச்சது தம்பி. ஸ்பொஞ்சத் தெரிவு செஞ்சதும் தம்பி. உக்கார முடியாம, நின்னுகிட்டே தச்சான்.

படகோட்டி தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தான்.

"ஏன்க்கா" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்லாத்தானே போய்க்கிட்டிருந்திச்சு."

"அப்ப வழக்கம் வழக்கம்தான், மல்லி" என்று அவனையும் தம்பி முறை வைத்துச் சிரித்தார் படகோட்டி. "ஏறு."

என் உடம்புச் சூடு மாறாத அங்கியை அவன் போட்டுக்கொண்டான். ஒரு பலிக்கடா மாதிரி ஏறினான். நான் இறங்குதுறையில் நின்றேன். முகத்துவாரத்துக்கு வெளியே படகு மூக்கைத் தூக்கியது, முக்கியது, பிறகு தண்ணீரிலிருந்து தன்னைத் தானே உருவிக்கொண்டு மேலே வந்தது. உள்ளே இருந்தபோது இது எனக்குத் தெரியவில்லை. இப்போது அடிப்பாகத்தின் பாதி வெளியே தெரிந்தது, நான் வரைந்த அதே கோணம், அதே வெளிச்சம். அதில் அவன் இருந்தான். அப்போதும் வயிறு எரிந்தது. கையையும் ஆட்டினேன்.

மிச்சப் படகுகளின் இருக்கைகளும் அவனுக்கே கிடைத்தன. ஒவ்வொன்றின் முதல் ஓட்டத்துக்கும் அவன் ஏற வேண்டும், வழக்கம் அப்படி. இருக்கைச் சட்டத்தின் படத்தில் என் கையெழுத்து இருக்கிறது. ஆனால் படத்தை யாரும் கடலுக்குக் கூட்டிப்போவதில்லை. பெண்கள் பெரட்டுக்குப் போகும்போது இன்னும் கேட்கிறார்கள், ஒன் தம்பி கப்பல்லயா என்று. ஆமாம் சித்தி, கப்பல்லதான் என்கிறேன்.

போன கிழமை கொட்டகைக்குப் பின்னால் ஒரு குரல் பதிவு கிடைத்தது. உறுமலுக்கு நடுவில் அவன்: "அக்கா, இந்தப் படகு மூக்க ரொம்பத் தூக்குது. எறங்கவே மாட்டேங்குது. அதே மாதிரிப் படகு, அதே எஞ்சின். ஏன்?"

"முன்னுக்கு மணல் மூட்ட இருக்கா?" என்று கேட்டேன்.

"அது எடஞ்சலா இருக்குன்னு எடுத்து ஓரமா வச்சிட்டாங்க."

அப்போது சொன்னேன். துப்பாக்கி ஏன் அந்த இடத்தில், அதன் எடை ஏன் இப்போதே வேண்டும், மூக்கு எந்த வேகத்தில் எவ்வளவு இறங்க வேண்டும், இறங்காவிட்டால் மேட்டைத் தாண்ட எவ்வளவு எண்ணெய் வீணாகும், மூன்று மருமகள்கள், எல்லாம். பதினொரு நிமிசம். அனுப்பி முடிக்கும்போது மழை தூறத் தொடங்கிவிட்டது.

வாசலுக்கு வந்து சேர்வதற்குள் பதில் வந்தது.

"மூட்டையத் திருப்பிக் கட்டச் சொல்லிட்டேன். மிச்சத்துல பாதியில தூங்கிட்டேன்க்கா. மருமகள்கள்ல இருந்து திரும்ப ஒருக்கா சொல்லு."

குடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பப் போனேன்.